பரப்பில் ஊரும் ஒலி: ஒரு கருவியும் அதன் தமிழ்ச் சொற்களும்



இவ்வாண்டுச் சொற்பொழிவு வரிசையில் மொழியியலார் ஒருவர் மின்னணுக் கருவியைப் பற்றிப் பேசப்போகிறார் என்று அழைப்பிதழில் கண்டு வியந்தவர்கள் இருப்பீர்கள். நாம் பேச வந்த பொருள் உங்கள் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இப்போதே இருக்கிறது. செல்பேசியைத் திறந்து பார்த்தால், அரிசி மணியினும் சிறிய சில்லுகள் சில, வானிலிருந்து வரும் எண்ணற்ற அலைகளுள் வேண்டியதை மட்டும் உள்ளே விடும் வேலையைச் செய்து கொண்டிருக்கும். அவற்றுட் பல, வானலையை ஒரு நொடியின் மிகச் சிறு கூற்றுக்கு ஒலியாக மாற்றி, அந்த ஒலியை ஒரு படிகத்தின் மேற்பரப்பில் ஓடவிட்டு, மீண்டும் மின்னாக்கி அனுப்புகின்றன. மேற்பரப்பு ஒலியலைக் கருவி என்பது அதன் பெயர். ஒலி நம் துறை. ஆகவே எல்லை மீறிவிட்டோம் என்று எவரும் குறை கூற இயலாது.

இரண்டாவது காரணம் ஒன்றுண்டு. அதுவே முதன்மையானது. இந்நாட்டில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பன்னிரண்டு வயதில் ஒரு குழந்தை அறிவியலைத் தமிழில் பேசுவதை நிறுத்திவிடுகிறது. அந்த ஆறு ஆண்டுகளிலும் தமிழ் அறிவியல் நிலையாக இருந்ததில்லை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. 2009இல் அம்முடிவு கைவிடப்பட்டு, 2012 முதல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. 2016இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் அதே கேள்வி மறுபடியும் வாசலில் வந்து நின்றது. அத்திட்டத்தை ஏற்ற பெற்றோரும் எதிர்த்த பெற்றோரும் தத்தம் பிள்ளைகளின் நலனையே கருதினர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், 'இந்தப் பொருளையெல்லாம் தமிழில் சொல்ல முடியாது' என்ற ஒரு வாதம் அவ்வப்போது எழுந்ததே, அதனை ஒரு மொழியியலார் சோதித்துப் பார்க்காமல் விடலாகாது. எளிய பொருளை எடுத்துச் சோதிப்பதில் பயனில்லை. கடினமான ஒன்றையே எடுப்போம்.

கருவியை விளக்குமுன் ஒரு நாளை நினைவுகூர வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஒன்பது மணிக்கு ஓரிரு நிமிடங்கள் இருக்கையில் சுமத்ராவின் மேற்கே கடலடி பிளந்தது. சில நிமிடங்களில் பினாங்கின் உயர்மாடிக் குடியிருப்புகளில் இருந்தோர் தரை அசைவதை உணர்ந்தனர். கடலலை கெடாக் கரையை, கோத்தா கோலா மூடாவின் மீனவர் வீடுகளை, அடைந்ததோ நண்பகல் கடந்த பின்னர்தான். ஒரே நடுக்கத்திலிருந்து இரண்டு தூதுகள் புறப்பட்டன. நிலத்தின் வழியாக வந்தது முந்திக்கொண்டது. நீரின் வழியாக வந்தது மணிக்கணக்கில் பிந்தியது. அன்று முந்தி வந்த தூதின் மொழியைப் படித்துச் சொல்லும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடல் நாடுகளில் இல்லை. நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் நம் மக்கள் கொடுத்த விலையை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

நிலத்தின் வழியாக வந்த அலைகளுள் ஒரு வகை, புவியின் ஆழத்திற்குள் செல்லாமல் அதன் தோலை ஒட்டியே ஊர்ந்து செல்லும். அத்தகைய அலை இருக்க வேண்டும் என்று 1885இல் கணக்கிட்டுக் காட்டியவர் ஆங்கில இயற்பியலார் ரேலி பிரபு. நிலநடுக்கங்களில் இது பெரும்பங்கு வகிக்கக்கூடும் என்று அவர் அக்கட்டுரையிலேயே குறித்தார். அலை செல்லும்போது பரப்பிலுள்ள ஒவ்வொரு துகளும் ஒரு சிறு நீள்வட்டத்தில் சுழன்று தன் இடத்திற்கே திரும்பும். ஆழம் செல்லச் செல்ல ஆட்டம் விரைந்து தேயும். ஓர் அலைநீள ஆழத்திற்குக் கீழே ஏறத்தாழ ஒன்றுமே இராது. நிலத்தில் இதன் வேகம் நொடிக்கு மூன்று முதல் நான்கு கிலோமீட்டர்.

செல்பேசிச் சில்லில் ஓடுவதும் இதே அலைக் குடும்பம்தான். லித்தியம் நயோபேட் என்னும் படிகத்தின் பரப்பில் இதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர். புவியிலும் சில்லிலும் வேகம் ஏறக்குறைய ஒன்றே என்பது நம்மைப் பலநாள் சிந்தனையில் ஆழ்த்திய செய்தி. வேறுபாடு அளவில் உள்ளது. சுமத்ராவிலிருந்து வந்த அலையின் ஒரு மேடும் அடுத்த மேடும் பல பத்துக் கிலோமீட்டர்கள் விலகி நின்றன. சில்லில் அவ்விடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு.

அலையை எழுப்புவது எங்ஙனம்? சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் அவை நெளியும். 1880இல் கியூரி உடன்பிறந்தார் இருவர் கண்ட இவ்வியல்பை அழுத்தமின் விளைவு என்று தமிழில் வழங்குகிறோம், நல்ல சொல். 1965இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைட், வோல்ட்மர் என்னும் இருவர், இத்தகைய படிகத்தின் மேல் இரண்டு உலோகச் சீப்புகளை, ஒன்றன் பற்கள் மற்றதன் பற்களுக்கு இடையே வருமாறு பதித்தனர். இரு கைகளின் விரல்களையும் கோத்துப் பாருங்கள், அதே அமைப்பு. ஒரு சீப்புக்கு நேர்மின், மற்றதற்கு எதிர்மின் என்று மாறி மாறிக் கொடுத்தால், இடைப்பட்ட படிகப் பரப்பு மேலும் கீழுமாக நெளிந்து அலை புறப்படும். மறுமுனையில் இன்னொரு சீப்பிணை அந்த நெளிவை வாங்கி மின்னாக்கும்.

இங்கே சிறிது நின்று பார்ப்போம். 1 கிகாஹெர்ட்ஸ் வானலை ஒன்றின் அலைநீளம் 30 சென்டிமீட்டர், ஏறத்தாழ நம் பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோல். அதே அதிர்வு படிகப் பரப்பில் ஒலியாக ஓடும்போது அலைநீளம் மூன்றரை மைக்ரோமீட்டர்; தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு. ஒளியின் வேகத்தில் வந்த செய்தி, படிகத்தில் கால் வைத்ததும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு மெல்லச் செல்லத் தொடங்குகிறது. அதனால்தான் வீடு நிறையும் அளவு தேவைப்படும் ஏற்பாட்டை அரிசி மணியில் அடக்க முடிகிறது. விரல்களின் இடைவெளியோடு பொருந்தும் அதிர்வு வலுப்பெறும். பொருந்தாதது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். விரல்களை எங்கே வைக்கிறோம் என்பதே எந்த அலை தேறும் என்பதைத் தீர்மானிக்கிறது. 1970களின் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் இச்சில்லு குடியேறியது. பின்னர்ச் செல்பேசிகளில் பெருகியது.

மொழியியல் மாணவர்க்கு இது புதிதன்று. சுவீடன் நாட்டுக் குன்னர் பான்ட் 1960இல் வெளியிட்ட நூலில், பேச்சொலியை இரண்டு கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்: குரல்வளையில் எழும் ஒலி ஒன்று, வாயறை அதனை வடித்து எடுக்கும் முறை மற்றொன்று. 'ஈ' என்னும்போது நாவின் முன்பகுதி உயர்ந்து வாயறை ஒரு வடிவம் கொள்கிறது. 'ஆ' என்னும்போது தாடை இறங்கி வேறு வடிவம் கொள்கிறது. குரல்வளையில் எழுவது இரண்டிற்கும் ஒன்றே. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, அண்ணம் முதலிய உறுப்புகளின் அமைப்பால் வேறு வேறு எழுத்தாகிறது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்ததும் இந்தப் பார்வையே. வடித்தலால் வேறுபாடு பிறக்கிறது. விரல் கோத்த படிகம், அவ்வகையில், ஒரே ஓர் உயிரெழுத்தை மட்டும் உச்சரிக்கத் தெரிந்த வாய்.

'வடிகட்டி' என்ற சொல்லுக்கு வருவோம். முனைவர் பட்ட ஆய்வுக்காக இம்மாநிலத்துத் தோட்டங்களில் பேச்சுத் தமிழைத் திரட்டிய காலத்தில் நாம் கண்டு வியந்தது, பால்மரத் தொழிலுக்கென்று நம் மக்கள் ஆக்கிக்கொண்ட சொல்வளம். பால்வெட்டு, மங்கு, உளி, ஒட்டுப்பால், கட்டிப்பால் என்று தமிழில் ஆனவை ஒருபுறம். மலாயிலிருந்து எடுத்துத் தமிழாக்கிக்கொண்ட கித்தா போன்றவை மறுபுறம். விடியலில் ஆள் எண்ணும் இடத்தைப் பெரட்டு என்றார்கள்; ஆங்கிலப் படைநடைச் சொல் அப்படி உருமாறியது என்பர். பிறமொழி எழுத்தை ஒதுக்கித் தமிழ் எழுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்ற தொல்காப்பிய விதியை அவர்களுள் எவரும் படித்ததில்லை, அதனை மீறியதுமில்லை. ஸ்டோருக்கு வந்த பாலை வலையில் ஊற்றி, இலை, தூசு, பட்டைத் துணுக்கு நீக்கி வடிப்பார்கள். வடிகட்டி என்றால் தோட்டத்துப் பெண்ணுக்கு அகராதி வேண்டாம். நீங்குவது எது, தேறுவது எது என்பதைக் கையால் அறிந்தவள் அவள்.

பின்னர் அப்பெண்ணின் மகள் தொழிற்சாலைக்குப் போனாள். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கிய பின், பிறையிலும் சுங்கைப்பட்டாணியிலும் மின்னணு ஆலைகள் பெருகின. இருட்டோடு வந்து நிற்கும் தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இன்று கூலிமில் இன்பினியன் நிறுவனம் மின்திறன் சில்லுகளைச் செய்கிறது; பினாங்கில் இனாரி அமெர்த்ரோன் வானலைச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கிறது. அவற்றுள், பரப்பில் ஓடாமல் படிகத் தகட்டின் தடிப்புக்குள்ளேயே ஒலி நின்றதிரும் உடன்பிறப்பு வகையும் உண்டு. நுண்ணோக்கியில் கண் வைத்து மயிரினும் மெல்லிய பொற்கம்பி இழைத்த தலைமுறை நம் கெடாத் தாய்மாருடையது. அவர்கள் வீட்டில் பேசிய தமிழையும் நாம் பதிவு செய்தோம். 'இன்னிக்கு லைன்ல ரிஜெக்ட் நெறைய விழுந்துச்சு.' வினை தமிழ். வேற்றுமை உருபு தமிழ். பெயர்கள் மட்டும் விருந்தாளிகள். இலக்கணம் சிதையவில்லை. ஆனால், முப்பது ஆண்டுகள் கையில் புரண்ட பொருளுக்கு ஒரு தமிழ்ப் பெயர்கூடப் பிறக்கவில்லை.

தோட்டத்தில் பிறந்தது ஆலையில் ஏன் பிறக்கவில்லை? மொழிப் பற்று குறைந்துவிட்டது என்ற வழக்கமான விடை நமக்கு ஏற்புடையதன்று. தோட்டத்தில் மரம் முதல் ஷீட் வரை தொழில் முழுதும் கண்முன் விரிந்து கிடந்தது. ஆலையிலோ ஒருத்திக்கு ஒரு கம்பி, ஒரு நொடி, ஒரு புட்டி. தன் கையால் செல்லும் சில்லு ஒலியை வடிக்கிறதா, மின்னைத் திருப்புகிறதா என்று அவளுக்குச் சொல்வார் இல்லை. செயல் தெரியாத பொருளுக்கு எவரும் பெயரிடுவதில்லை. நம் கலைச்சொற் குழுக்கள் பல, செயலை விளக்கும் வேலையைப் பிறர்க்கு விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பெயர்த்தன. பொருள் தெரியாத பெயர் அச்சில் இருக்கும், வாயில் இராது.

ஓர் எடுத்துக்காட்டு. இப்படிகத்தைக் கொண்டு மின்கலமே இல்லாத உணரிகள் செய்கிறார்கள். செயல் இது: படிகத்தின் ஒரு முனையில் விரல்சீப்பு, அதனோடு ஒரு சிற்றலைவாங்கி, பரப்பின்மேல் ஆங்காங்கே மெல்லிய உலோகக் கோடுகள். தொலைவிலுள்ள கருவி ஒரு வானலைத் துடிப்பை அனுப்பும். அலைவாங்கி அதனை வாங்கிச் சீப்புக்குக் கொடுக்க, ஒலி புறப்பட்டு ஊர்ந்து, ஒவ்வொரு கோட்டிலும் சிறிது மோதித் திரும்பும். திரும்பிய ஒலி மீண்டும் வானலையாகிக் கருவிக்குப் போய்ச் சேரும். ஒரு சென்டிமீட்டர் படிகத்தைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ மூன்று மைக்ரோநொடி ஆகும். அந்நேரத்திற்குள் வானலை 900 மீட்டர் போய்விடும். எனவே சுவர், தூண், இயந்திரம் ஆகியவற்றில் பட்டு வரும் எதிரலைகளெல்லாம் வந்து அடங்கிய பின், அமைதியில், படிகத்தின் விடை தனியே வரும். கூட்டத்தில் எல்லாரும் பேசி ஓய்ந்தபின் ஒருவர் மெல்லப் பேசினால் தெளிவாகக் கேட்பதைப் போல.

அவ்விடையில் இரண்டு செய்திகள் இருக்கும். கோடுகள் எந்த எந்த இடத்தில் உள்ளன என்பது அப்பொருளின் அடையாளம். எதிரொலி எவ்வளவு பிந்தியது என்பது அதன் உடல்நிலை. படிகம் சூடேறினால் பாதை சிறிது நீளும், ஒலியின் வேகம் சிறிது தளரும். லித்தியம் நயோபேட்டில் ஒரு பாகை வெப்பத்திற்குப் பத்து இலட்சத்தில் 75 முதல் 95 பங்கு வரை பிந்தும். இழுத்தாலும் அழுத்தினாலும் அவ்வாறே மாறும். ஆகவே உயர்மின்னழுத்த மின்பெட்டிகளின் உள்ளே, கம்பி செலுத்தினால் ஆபத்தாகும் இடத்தில், இவ்வுணரிகளை வைத்து வெப்பம் பார்க்கிறார்கள். சுழலும் டயருக்குள் வைத்து அழுத்தமும் வெப்பமும் அறியும் வழியைப் பிரிட்டனின் டிரான்சென்ஸ் நிறுவனம் வளர்த்தெடுத்தது. பாலெடுத்த தோட்டங்களும், அலோர் ஸ்டாரில் டயர் வார்த்த ஆலையும் இருந்த மாநிலத்தில் நின்று இதனைச் சொல்கையில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. செம்பனை ஆலையில் பழக்குலைகளை 140 பாகையை ஒட்டிய நீராவியில் அவிக்கும் மூடிய கலன் இருக்கிறதே, அதுவும் இத்தகைய உணரிக்கு ஏற்ற இடம் என்பது நம் கருத்து. பொறியாளர்கள் ஆய்ந்து சொல்லட்டும்.

மின்கலமின்றி, கேட்டால் மட்டும் விடை சொல்லும் இவ்வுணரிக்கு ஆங்கிலத்தில் உள்ள அடைமொழியை நேராகப் பெயர்த்துச் 'செயலற்ற உணரி' என்று எழுதுகிறார்கள். ஓர் ஆறாம் ஆண்டு மாணவியிடம் இத்தொடரைக் கொடுத்தோம். 'கெட்டுப் போனதா ஐயா?' என்று கேட்டாள். அவள் மொழியறிவில் பிழையே இல்லை. மின்கலமிலா உணரி என்று அவளிடமே சொன்னபோது, 'அப்போ அதுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்?' என்று அடுத்த கேள்வி பிறந்தது. அறிவியல் ஆசிரியர் ஒருவர் வேண்டி நிற்கும் கேள்வி அதுதான். முதற் சொல் அந்தக் கேள்வியை வாயிலேயே அடைத்துவிட்டது. சொல்லாட்சியில் நேரும் இத்தகைய சிறு பிழைகளே, தமிழில் அறிவியல் ஓடாது என்பார் கைக்கு ஆயுதமாகின்றன.

'ஒலி' என்ற சொல்லையும் சிலர் மறுக்கின்றனர். செவிக்குக் கேளாததை ஒலி எனலாமா? அதிர்வலை என்றால் போதாதா? இதற்கு நம் விடை இது. வௌவாலின் குரல் நமக்குக் கேளாது. அது ஒலியன்று என்று எவரும் சொல்வதில்லை. பருப்பொருள் நெளிந்து, அந்நெளிவு பக்கத்திற்குப் பரவுவது ஒலி. கேட்பது செவியின் வேலை. பழந்தமிழில் ஒலித்தல் என்பதற்குத் தழைத்தல், செழித்தல் என்ற பொருளும் இருந்தது. கூந்தல் ஒலிக்கும் என்று பாடினார்கள். செவி ஒன்றையே சார்ந்த சொல்லாக அது ஒடுங்கி நிற்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவெனில், வானொலி என்ற சொல்லை நாம் ஒரு மறுப்பும் இன்றி ஏற்றோம். வானத்தில் ஒலி ஏதும் செல்வதில்லை. செல்வது மின்காந்த அலை. அப்பெயர் அறிவியலுக்குச் சற்றே பிசகி, மக்கள் செவிக்கு இனித்து, லயத்து வீடுதோறும் நிலைத்துவிட்டது. இங்கேயோ உண்மையிலேயே ஒலி ஓடுகிறது. ஓடும் இடத்தில் அச்சொல்லை மறுப்பது முறையாகாது. வெறும் 'பரப்பலை' என்று சுருக்கினால் குளத்து நீரின் அலையும் அதில் அடங்கிவிடும். ஆகையால் நூலில் மேற்பரப்பு ஒலியலை, பேச்சில் பரப்பொலி. கோத்த சீப்புக்கு விரற்கோவை என்று ஒரு சொல்லை உங்கள்முன் வைக்கிறோம்; இரு கைகளையும் கோத்துக் காட்டியே வகுப்பில் விளக்கிவிடலாம்.

ஒரு சொல்லில் மட்டும் நமக்குத் துணிவு பிறக்கவில்லை. உணரிக்குத் துடிப்பை அனுப்பி, அதன் விடையை வாங்கும் தொலைக் கருவியை என்னென்பது? ஆலையில் ரீடர் என்கிறார்கள், அது படிப்பதில்லை. வினாவி என்றார் நண்பர் ஒருவர்; வினவுவதோடு வேலை முடிவதில்லையே. அது வினவவும் வேண்டும், வரும் எதிரொலிக்குச் செவி கொடுக்கவும் வேண்டும். தமிழில் கேள் என்னும் வினை இரண்டையும் சேர்த்தே குறிக்கிறது: ஆசிரியரைக் கேட்டான், பாட்டைக் கேட்டான். இவ்விரண்டு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பது நமக்கு வாய்த்த வசதி. வடிப்பான் என்பதைப் போலக் கேட்பான் என்று ஆக்கலாம். ஆனால், 'அவன் நாளை கேட்பான்' என்னும் வினைமுற்றோடு மயங்கும். கருவிப் பெயரை ஆண்பாலாக்குகிறது என்று நம் மாணவியர் சிலர் ஏற்கெனவே முறையிட்டுவிட்டனர். கேட்பி என்றால் பிறரைக் கேட்கச் செய்தல் என்ற பொருள் வந்துவிடுகிறது. கேள்கருவி என்று தொகையாக்கினால் மயக்கம் தீர்கிறது. வாயில் சற்றே இடறுகிறது. ஆலைகளில் பணிபுரிவோரும் பணி ஓய்வு பெற்றோரும் இவ்வவையில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் நாவில் எது எளிதாக வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். நுழைவாயிலில் தந்த தாளின் பின்புறம் வெறுமையாகவே இருக்கிறது. அதில் எழுதி, கலந்துரையாடல் தொடங்குமுன் மேசையில் சேர்ப்பித்துவிடுங்கள்.